சாட்சிக் கூண்டில் ஏறும் முன்: போக்குவரத்துக் காவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேமரன் மலைச் சாலைகளில் பணியாற்றி, அந்தச் சாலை வழக்குகளுக்காகத் தானா ராத்தா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வரும் போக்குவரத்துக் காவல் அலுவலர்கள் அனைவருக்கும்,



தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வழக்கு என்று வந்தால் எங்கள் ஆட்களுக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போகிறவள். உங்கள் வேலையின் பாடு எனக்குத் தெரியும். தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய சாலையில் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. காய்கறி லாரி ஏறும், சுற்றுலாப் பேருந்து இறங்கும், இரண்டுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிளில் எங்கள் தோட்டத்துப் பிள்ளை போவான். சுங்கை பாலாஸ் பாதையில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று தேயிலைச் செடியோரம் ஒதுங்க வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங்கில் தொடங்கும் நெரிசலில் மழைக்கோட்டோடு மணிக்கணக்கில் நிற்பவர்கள் நீங்கள்தான். 2010 டிசம்பர் 20 அன்று, மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளின் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தியோடு வாழ்ந்த எங்களுக்குப் போக்குவரத்துச் சட்டம் ஏன் கறாராக இருக்க வேண்டும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆகவே நீங்கள் சம்மன் எழுதுவதை எதிர்த்து இந்த மடலை எழுதவில்லை. எழுதிய சம்மனை ஒருவர் "நான் செய்யவில்லை" என்று மறுத்து, வழக்கு விசாரணைக்கு வந்து, நீங்கள் கூண்டில் ஏறி உண்மையே சொல்வேன் என்று உறுதிகூறும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த நேரம் எவ்வளவு அபூர்வமாக வருகிறது என்பதை எங்கள் பக்கத்துக் கணக்கிலிருந்து பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. 300 வெள்ளி சம்மனை எதிர்ப்பவர் குற்றச்சாட்டு வாசிக்கும் நாளில் ஒருமுறை போக வேண்டும், ஆவணங்களுக்காக ஒருமுறை, விசாரணைக்கு ஒருமுறை. அன்றைக்குப் பார்த்து சாட்சி சொல்ல வேண்டிய அலுவலர் பயிற்சிக்குப் போயிருப்பார், அல்லது வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகியிருப்பார், தவணை தள்ளிப்போகும். ஒவ்வொரு தவணைக்கும் பெரட்டில் (காலை வேலைக்கணக்கெடுப்பில்) பேர் கொடுக்காமல் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். எங்கள் லயக் குடியிருப்பிலிருந்து தானா ராத்தாவுக்கு வண்டிச் செலவு வேறு. ஐந்தாவது தவணைக்குள் அபராதத்தை விட அதிகம் போய்விடுகிறது. வழக்கறிஞர் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. அதனால் தப்பு செய்தவரும் கட்டுகிறார், செய்யாதவரும் கட்டுகிறார். அபராதத்துக்குத் தள்ளுபடி அறிவித்தபோதெல்லாம் வரிசையில் நின்றவர்களில் இரு வகையினரும் இருந்தார்கள்.

இதன் விளைவை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து யோசித்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதுவதில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் எந்தக் காலத்திலும் கேள்வி கேட்பதில்லை. எங்கே நின்று பார்த்தீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, நடுவில் லாரி மறைத்ததா, பனி இருந்ததா என்று ஒருவரும் கேட்காமலே வருடங்கள் போகின்றன. நல்ல மனிதர்களையும் அது மெத்தனமாக்கிவிடும். கடைசியில் ஒருநாள் ஒருவர் மறுத்து நிற்கும்போது, கேட்கப்பட்டுப் பழகாத வாய் கூண்டில் ஏறுகிறது.

சட்டம் அந்த வாய்க்குப் பெரிய மரியாதை தருகிறது. 1962-இல் மலாயாவின் தலைமை நீதிபதி ஜேம்ஸ் தாம்சன், முகமது அலி என்பவரின் வழக்கில் சொன்னது இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. இயல்புக்கு மாறான எதையும் சொல்லாதவரை காவலரின் சாட்சியத்தை முதற்கண் ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து. பசு நிலாவைத் தாண்டிக் குதித்ததைக் கண்டேன் என்று சொன்னால் ஏற்க வேண்டாம்; கோலாலம்பூரின் பெரிய தெருவில் பசு திரிந்ததைக் கண்டேன் என்றால் நம்ப மறுப்பதற்குக் காரணமே இல்லை என்று அவர் விளக்கினார். இந்தப் பசுவைப் பற்றி உங்களில் பலர் பயிற்சியிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே தீர்ப்புக்கு ஒரு மறுபாதி உண்டு. குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சியம் ஆட்டம் கண்டாலோ, வேறு சாட்சியம் அதற்கு முரணாக வந்தாலோ, ஏற்பதா விடுவதா என்று எடைபோடுவது மாஜிஸ்திரேட்டின் பொறுப்பு என்கிறது அந்த மறுபாதி. அடுத்த ஆண்டே, மாட் என்பவரின் வழக்கில் நீதிபதி சுஃபியான் இன்னொன்றையும் தெளிவாக்கினார்: குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தை நீதிமன்றம் நம்பாவிட்டாலும், அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் விடுதலைதான்.

எங்கள் ஆட்களின் வழக்கில் இந்த மறுபாதி வேலை செய்வதே இல்லை என்பதுதான் என் மனக்குறை. குறுக்கு விசாரணை செய்ய அங்கே யார் இருக்கிறார்? கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகன், பதினெட்டு பத்தொன்பது வயது, கோர்ட்டையே முதன்முறை பார்க்கிறவன். "சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டால், "அவர் சொல்றது சரியில்லைங்க ஐயா" என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வராது. அது கேள்வியாகாது. உங்கள் சாட்சியம் ஆட்டம் காணாமல் நிற்கிறது. சரியாக இருந்ததால் நின்றதா, ஆட்டிப் பார்க்க ஆள் இல்லாததால் நின்றதா என்பது பதிவேட்டில் தெரியாது. இப்படிப்பட்ட வழக்கில் உங்களைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

வேறொரு மாவட்டத்து நீதிமன்றத்தில் நான் உட்கார்ந்து பார்த்த ஒரு விசாரணையைச் சொல்கிறேன். இரட்டைக் கோட்டில் முந்திச் சென்றதாக ஒரு லாரி ஓட்டுநர் மீது வழக்கு. அவருக்கு யாரோ நண்பர் மூலமாக ஒரு வழக்கறிஞர் கிடைத்திருந்தார். சாட்சி சொன்ன இளம் காவலர் தேதி, நேரம், வண்டி எண், சாலை எல்லாம் தடையில்லாமல் ஒப்பித்தார். வழக்கறிஞர் சண்டையெல்லாம் போடவில்லை. "அன்றைக்கு நீங்கள் சாலையின் எந்தப் பக்கம் நின்றீர்கள்?" என்று கேட்டார். "வழக்கமாகப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நிற்போம்." "முந்தப்பட்ட வண்டி என்ன வண்டி?" "அந்த இடத்தில் வழக்கமாக லாரிகளைத்தான் முந்துவார்கள்." மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களைக் கேட்கவில்லை. அன்று என்ன பார்த்தீர்கள்?" குறிப்பேடு கொண்டுவரவில்லை என்றார் காவலர். அவர் பொய் சொல்ல வந்தவராக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஓட்டுநர் முந்தியிருக்கவும் கூடும். ஆனால் அந்தக் காவலர் சொல்லிக்கொண்டிருந்தது, தான் எழுதிய நூற்றுக்கணக்கான சம்மன்களின் சராசரியை. அந்த ஒரு நாளை அவர் பார்த்தாரா என்பது அவருக்கே தெரியவில்லை. வழக்கறிஞர் இல்லாமல் இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தோடு வழக்கு முடிந்து ஓட்டுநர் தண்டனை பெற்றிருப்பார்.

நினைவு மங்கும் என்பது சட்டத்துக்கும் தெரியும். சம்பவம் நடந்தபோதோ உடனடியாகவோ நீங்களே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சியச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிப் பார்த்தால் எதிர்த்தரப்புக்கும் அதைக் காட்ட வேண்டும் என்கிறது 161. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! ஆனால் அந்தக் குறிப்பில் ஏதாவது இருந்தால்தானே? "இரட்டைக் கோட்டில் முந்தினார்" என்று மட்டும் எழுதினால் எட்டு மாதம் கழித்து அதைப் படிப்பதில் பயனில்லை. எங்கே நின்றேன், பனி எப்படி, எந்த வண்டியை முந்தினார், எதிரே என்ன வந்தது, நிறுத்தியபோது ஓட்டுநர் என்ன சொன்னார் என்று நான்கு வரி சேர்த்து எழுத இரண்டு நிமிடம் ஆகுமா? இந்த மலையில் பனியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத மாலை நேரக் குறிப்பை நான் எளிதில் நம்பமாட்டேன்.

விபத்து வழக்குகளுக்கு வருகிறேன். இங்கேதான் நான் அதிகம் பார்த்த வேதனை இருக்கிறது.

வளைவில் காரும் மோட்டாரும் மோதுகின்றன. மோட்டாரில் வந்தவர் கால் முறிந்து ஆம்புலன்சில் போய்விடுகிறார். காரில் வந்தவர் நடமாடுகிறார். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய புகாரை அவர் அன்றே நிலையத்தில் செய்துவிடுகிறார். மோட்டார்க்காரரின் புகார் மருத்துவமனையிலிருந்து நாள் கழித்து வரும். அதற்குள் சாலையைத் திறந்துவிட வண்டிகளை ஓரம் தள்ளியாகிவிட்டது, கண்ணாடித் தூள் மழையில் அடித்துப்போய்விட்டது. விசாரணை அதிகாரி வந்து அளந்து வரைபடம் போடுகிறார். எந்த இடத்தில் மோதல் நடந்தது என்று அதில் ஒரு குறி. அந்தக் குறி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது. எல்.என். 166/59 போக்குவரத்து விதிகளின் 10-ஆம் விதிப்படி, வண்டியைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறியதாகச் சம்மன் யாருக்குப் போகிறது என்பதும், காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு பேரம் பேசும் என்பதும் அந்த வரைபடத்தைத் தொட்டே தொடங்குகின்றன. வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விண்ணப்பிக்கும்போதும் காவல் நிலைய அறிக்கையைத்தான் முதலில் கேட்கிறார்கள். யார் மீது தவறு என்பதில் விசாரணை அதிகாரியின் கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பல வழக்குகளில், நீதிமன்றம் வரை போவதற்கு முன்பே, உங்கள் கருத்தைப் பார்த்து, எங்கள் ஆள் சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

இப்படி ஒரு விபத்து வழக்கில் கண்ட ஒரு சார்ஜெண்டை நான் மறக்கமாட்டேன். மோதிய இடத்தைக் காட்டச் சொன்னபோது அவர், "நான் போனபோது இரண்டு வண்டிகளையும் நகர்த்திவிட்டார்கள். வரைபடத்தில் உள்ள குறி கார் ஓட்டுநர் காட்டிய இடம். நானாகக் கண்டுபிடித்ததில்லை. அங்கே கீறலோ கண்ணாடியோ நான் பார்க்கவில்லை" என்றார். அரசுத் தரப்புக்கு அது உதவவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. அவர் குரல் மாறவில்லை. எங்கள் பக்கத்துக்குச் சாதகமாக வந்ததற்காக நான் அவரைப் புகழவில்லை. அதே வழக்கில் எங்கள் ஆளின் மோட்டாருக்குப் பின்விளக்கு எரியவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார், அளவெடுத்தது போல, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். இரண்டையும் சொன்னதால் இரண்டையும் நம்ப முடிந்தது.

சாலை வழக்குகளைச் சின்ன வழக்கு என்று பேசும் பழக்கம் உங்கள் மத்தியிலும் உண்டு, எங்கள் மத்தியிலும் உண்டு. ஆனால் 2020-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்ட பின், ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்ததற்கு 41-ஆம் பிரிவில் குறைந்தது 5 ஆண்டு சிறை. 2017-இல் ஜொகூர் பாருவில் மிதிவண்டிகளில் வந்த எட்டுப் பதின்ம வயதினர் இறந்த வழக்கை நாடே பின்தொடர்ந்தது. காரோட்டிய இளம்பெண் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இரண்டு முறை விடுவிக்கப்பட்டு, 2022-இல் உயர் நீதிமன்றத்தில் 6 ஆண்டு சிறைத்தண்டனை பெற்று, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் விடுதலையானார். குற்றச்சாட்டு எழுதப்பட்ட விதமே குறைபாடுடையது என்பது அந்த விடுதலைக்கு ஒரு காரணம். இறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஆறு ஆண்டுகள் போயின. காகிதத்தில் ஏறும் ஒரு சொல்லின் கனம் அவ்வளவு.

உங்கள் நிலையத்து இன்ஸ்பெக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு வழக்கறிஞரின் எழுத்துபூர்வ அனுமதியோடு, இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவியில் உள்ள காவல் அதிகாரி வழக்கை நடத்தலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சட்டம் அனுமதித்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதிர்க்கூண்டில் நிற்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள்: பிடித்தவர், விசாரித்தவர், சாட்சி சொல்பவர், வழக்கு நடத்துபவர் எல்லாரும் ஒரே துறையினர். அதனால்தான் 51ஏ பிரிவைக் கண்ணும் கருத்துமாகப் பின்பற்ற வேண்டும் என்கிறேன். முதல் தகவல் அறிக்கையின் நகலையும், அரசுத் தரப்பு காட்டப்போகும் ஆவணங்களையும், எதிரிக்குச் சாதகமாக உங்களுக்குத் தெரிந்த விவரங்கள் அடங்கிய அறிக்கையையும் விசாரணை தொடங்குமுன் கொடுக்க வேண்டும் என்கிறது அது. காலை ஒன்பது மணிக்கு வராந்தாவில் கையில் திணித்தால், மலாய் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர் அதை வைத்து என்ன செய்வார்? ஒரு வாரம் முன்பே தோட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால் படித்துச் சொல்ல எங்களில் ஆள் உண்டு.

மொழியும் அப்படித்தான். தனக்குப் புரியாத மொழியில் சொல்லப்படும் சாட்சியத்தை எதிரிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதே சட்டத்தின் 270-ஆம் பிரிவு. எங்கள் இளையவர்களுக்கு மலாய் தெரியும். வயதானவர்களுக்குக் கடைத்தெரு மலாய்தான் தெரியும். இன்று தோட்டங்களில் எங்களோடு கொழுந்து எடுக்கும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இன்னும் மோசமான நிலையில் நிற்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் "சாலா?" (தப்புதானே?) என்று கேட்டுத் தலையாட்ட வைத்துவிடாமல், தவணை கேளுங்கள். அது உங்களுக்கு இழப்பில்லை.

இனி, பொறுப்புக்கூறல். நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னால் தண்டனைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது அந்த அளவுக்குப் போகாத தவறுகளைப் பற்றி. ஊகத்தைப் பார்த்ததாகச் சொல்வது, கூட நின்ற காவலர் பார்த்ததைத் தான் பார்த்ததாகச் சொல்வது, கேட்கவில்லையே என்று சாதகமான ஒன்றை விட்டுவிடுவது. இவற்றை மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தால் என்ன நடக்கிறது? எதிரி விடுதலையாவார், கோப்பு மூடப்படும். சாட்சி சொன்னவரின் மேலதிகாரிக்கு அது தெரியவருமா என்பது அதிர்ஷ்டம். காவல்துறையை மேம்படுத்த அமைந்த அரச ஆணையம் 2005-இல் சுதந்திரமான மேற்பார்வைக் குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பதினெட்டு ஆண்டு கழித்து, 2023 ஜூலை 1 முதல் காவல்துறை நடத்தை ஆணையம் செயலுக்கு வந்தது. பரிந்துரைத்த அளவு அதிகாரம் அதற்கு இல்லை. இருந்தாலும் புகார் செய்தால்தானே அது அசையும். விடுதலையாகி வீட்டுக்குப் போனவர் இன்னொரு வேலைநாளை இழந்து புகார் எழுதமாட்டார்.

அமெரிக்காவில் 1963-இலும் 1972-இலும் உச்ச நீதிமன்றம் தந்த இரண்டு தீர்ப்புகளின் பயனாக, நம்பகத்தன்மை கெட்ட காவலர் யார் என்பதை அரசுத் தரப்பு மறைக்க முடியாது. எதிர்த்தரப்புக்குச் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் அரசு வழக்கறிஞர்கள் அதற்கென்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம்கூட நான் கேட்கவில்லை. உங்கள் சாட்சியத்தை நம்பமுடியவில்லை என்று மாஜிஸ்திரேட் காரணத்தோடு பதிவு செய்தால், அந்தப் பக்கத்தின் நகல் மாவட்டக் காவல் தலைவரின் மேசைக்குப் போகட்டும். ஒருமுறை நடந்தால் தண்டனை வேண்டாம், பயிற்சி போதும். திரும்பத் திரும்ப வந்தால் அவரைச் சாலைப் பணியிலிருந்து மாற்றுங்கள். நன்றாகச் சாட்சி சொன்னதாகப் பதிவானாலும் அதே மேசைக்குப் போகட்டும். அந்தச் சார்ஜெண்டுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்காது என்று நினைக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. கேமரன் மலையின் நாடாளுமன்ற உறுப்பினர் டத்தோ ரம்லி முகமட் நோர் காவல்துறையிலிருந்து ஓய்வுபெற்றவர். இந்த ஏற்பாட்டின் தேவையை அவருக்கு விளக்க அதிக நேரம் பிடிக்காது. அவருக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன்.

சகாவுக்கு எதிராகப் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு உங்கள் சீருடைக்குள் எவ்வளவு இறுக்கமானது என்பதை வெளியில் இருக்கும் நான் முழுதாக உணர முடியாது. ஆனால் தமிழ் பேசும் உலகம் ஒரு பெண் காவலரின் பெயரை மரியாதையோடு சொல்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, முதல் தகவல் அறிக்கை சொன்ன கதைக்கும் கடை வாசல் கேமரா காட்டியதற்கும் பொருத்தமில்லை. அந்த இரவு நிலையத்தில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தான் கண்டதைச் சொன்னார். சகாக்கள் சுற்றி நின்ற நிலையத்தில், அஞ்சிக்கொண்டே சொன்னார். இரட்டைக் கோட்டு வழக்கோடு அதை ஒப்பிட முடியாது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். உங்களிடம் நான் கேட்பது அதைவிட எவ்வளவோ எளிது: "பார்க்கவில்லை", "நினைவில்லை", "இது இன்னொருவர் சொன்னது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்வது.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. லைசன் இல்லாமல் மோட்டார் எடுக்கிற பிள்ளைகள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கும். ரோடு டெக்ஸ் முடிந்து மாதக்கணக்காகும். விபத்து நடந்தால் 24 மணி நேரப் புகாரைச் செய்யாமல் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கப் பார்ப்போம். கூண்டில் ஏறி, உறவுக்காரரைக் காப்பாற்ற, இல்லாத ஒன்றைச் சொன்னவர்களும் எங்களில் உண்டு. இதையெல்லாம் கோயில் கூட்டத்திலும் தோட்டக் கூட்டத்திலும் பேசத் தொடங்கியிருக்கிறோம். லைசன் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோரை நெருக்குகிறோம். யாராவது பொய்ச்சாட்சி சொல்லத் துணைக்குக் கூப்பிட்டால் நான் போவதில்லை, அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.

உடனே செய்யக்கூடிய ஒன்றை உங்களிடம் கேட்டு முடிக்கிறேன். அடுத்த முறை எங்கள் தோட்டச் சாலையில் விபத்து நடந்து, அடிபட்டவரை ஆம்புலன்சில் ஏற்றிவிட்ட பிறகு அளக்க வரும்போது, தோட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். இரவு எந்நேரமானாலும் அங்கே ஆள் இருப்பார். எங்களில் ஒருவர் வந்து நாடாவின் மறுமுனையைப் பிடிப்பார். அளவுகளை அவரிடமும் காட்டி, வரைபடத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக்க மதிப்புடன்,
கேமரன் மலைத் தோட்டத்து மகள் ஒருத்தி